குளிர்ந்த குழாயை இழுத்துப் பார்த்துச் சூட்டுக்குத் தீர்ப்பா?

ஏலத் தோட்டக்காரர்கள் மத்தியில் எட்டுப் பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்று இரண்டு மாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போடியில் டீக்கடை பெஞ்சிலும் பார்த்தேன், கம்பத்தில் உரக்கடை மேசையிலும் பார்த்தேன். ஏலக்காய் ஸ்டோரில் வைக்கும் மின்சார உலர்த்திக்கு இன்கோலாய் 800 குழாய் போட்ட ஹீட்டர் கேட்டு வாங்காதீர்கள், அது பெரிய ஏமாற்று, சாதாரண 304 எவர்சில்வரே எல்லாவற்றுக்கும் போதும் என்பது அதன் சாரம். எழுதியவர் தன் பெயரைப் போட்டிருக்கிறார். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அவரோடு சண்டை கிடையாது, அவர் எழுதியதோடுதான் சண்டை. ஆனால் அந்தச் சண்டையில் விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அவர் பேச்சைக் கேட்டு நஷ்டப்படப் போகிறவர்கள் என் பட்டறைக்குத்தான் வருவார்கள்.

நான் உலோகவியல் டிப்ளமோ படித்தவன். இருபது வருடமாகப் போடியில் ஹீட்டர் பழுதுபார்க்கிறேன். இதை எழுதும்போது என் மேசையில் செத்துப்போன ஹீட்டர் ஒன்று கிடக்கிறது. போன பருவத்தில் போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு ஸ்டோரிலிருந்து கழற்றி வந்தது. விரல் தடிமன் குழாய், ஹேர்பின் போல வளைந்தது. நகத்தால் சுரண்டினால் கருப்புச் செதில் பட்டை பட்டையாக உதிர்கிறது. வளைவுக்குப் பக்கத்தில் மயிரிழை அகலத்தில் ஒரு வெடிப்பு. தட்டினால் அதன் வழியாக மெக்னீசியம் ஆக்சைடு வெள்ளைப் பொடி கொட்டுகிறது. உள்ளே காயில் இரண்டாக அறுந்திருக்கிறது. வாங்கும்போது இன்கோலாய் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். மதுரையில் சோதித்தபோது நிக்கல் 8 சதவீதம்தான் தேறியது. அதாவது, பிரசுரம் போதும் என்று சொல்கிற அதே 304.

இரவு பதினொரு மணிக்கு அந்த ஹீட்டர் போனபோது உள்ளே தட்டுகளில் பச்சைக்காய் இருந்தது. பறித்த ஏலக்காய் 24 மணி நேரத்துக்குள் சூட்டுக்குள் போயாக வேண்டும். 45 முதல் 50 டிகிரியில் ஒரே சீராக இருந்தால்தான் பச்சை நிறம் நிற்கும். நடுவில் சூடு இறங்கினால் காய் வேர்த்து மஞ்சள் தட்டும். நாலைந்து கிலோ பச்சைக்காய்தான் ஒரு கிலோ உலர்காய் ஆகிறது, அந்த ஒரு கிலோவுக்கு ஏலத்தில் விலை சொல்வது நிறமும் பருமனும். ஒரே இரவில் அந்தத் தோட்டக்காரருக்குப் போன பணத்தில் நல்ல ஹீட்டர் செட் இரண்டு வாங்கியிருக்கலாம்.

இனி பிரசுரத்துக்கு வருகிறேன்.

முதல் வாதம்: இன்கோலாய் 800-இல் மற்ற எதையும்விட இரும்புதான் அதிகம், ஆகவே நிக்கல் உலோகம் என்று சொல்லி விற்பது மோசடி. எண் சரிதான். அதன் சேர்மானத்தில் இரும்பு குறைந்தது 39.5 சதவீதம் இருக்க வேண்டும், நிக்கல் 30 முதல் 35, குரோமியம் 19 முதல் 23. கரி 0.10-க்கு மேல் போகக் கூடாது. அலுமினியமும் டைட்டானியமும் தலா 0.15 முதல் 0.60. மாங்கனீசு, சிலிக்கான், செம்பு கொஞ்சம் கொஞ்சம். ஆனால் அதிகமாக இருப்பதை வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும் என்றால் பாலையும் தண்ணீர் என்றுதான் சொல்ல வேண்டும். இரும்பு அதிகம் என்பதுதான் குறை என்றால் இவர் சிபாரிசு செய்யும் 304-இல் அது இன்னும் அதிகம், கிட்டத்தட்ட 70 சதவீதம். இது அவர் கண்ணில் படவே இல்லையா?

அந்த 30 சதவீத நிக்கல் அங்கே என்ன செய்கிறது என்று அவர் ஒரு வரி எழுதவில்லை. இரும்பு தனியாக இருந்தால் சாதாரண வெப்பத்தில் அதன் அணுக்கள் ஒரு மாதிரி அடுக்கில் நிற்கும், 912 டிகிரியைத் தாண்டினால் அடுக்கு மாறிவிடும். நிக்கல் போதுமான அளவு சேர்ந்தால் குளிரிலும் சூட்டிலும் ஒரே அடுக்குதான். குரோமியம் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் கட்டிக் காவல் நிற்கிறது. குரோமியம் கூடி நிக்கல் குறைந்த எஃகு 600-இலிருந்து 900 டிகிரிக்குள் நாள்கணக்கில் கிடந்தால், உள்ளே சிக்மா என்று ஒரு நொறுங்கும் கட்டம் வளர்ந்து, தட்டினால் உடைகிற நிலைக்குப் போகும். 32 சதவீத அளவில் நிக்கல் இருந்தால் அதற்குப் பெரும்பாலும் இடமில்லை. கம்பெனிக்காரன் விலையைக் கூட்ட நிக்கலைக் கூட்டினான் என்று பிரசுரம் சொல்வது வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துவது. 1950-களில் அமெரிக்காவில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு, அரசு அதைப் போர்த்தளவாட முக்கியத்துவம் உள்ள உலோகமாக வைத்திருந்தது. நிக்கலைக் குறைத்தும் சூட்டைத் தாங்கும் உலோகம் வேண்டும் என்றுதான் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனம் இதை உருவாக்கியது. நிக்கலை மிச்சம் பிடிக்கப் பிறந்த உலோகம் இது.

இரண்டாவது வாதம்தான் பிரசுரத்தின் முதுகெலும்பு. இதைப் படித்துத்தான் நம் ஆட்கள் மனம் மாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அவர் ஒரு அட்டவணை போட்டிருக்கிறார். 304-க்கு இழுவை வலிமை குறைந்தது 515 மெகாபாஸ்கல், வளையத் தொடங்கும் எல்லை 205, அறுவதற்கு முன் 40 சதவீதம் நீளும். இன்கோலாய் 800-க்கு 520, 205, 30. ஆக இரண்டும் ஒன்றுதான், நீட்சியில் 304 இன்னும் மேல், பல மடங்கு விலை எதற்கு என்று கேட்கிறார். அதோடு விடவில்லை. இன்னும் விலை கூடிய 800 எச் என்ற வகையைக் காட்டுகிறார். அதற்கு 450, 170. அதிகப் பணம் கொடுத்து வலிமை குறைந்ததை வாங்குகிறீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்.

எண்கள் ஒவ்வொன்றும் உண்மை. அவற்றை வைத்துச் சொல்லும் முடிவு ஒவ்வொன்றும் பொய். ஏன் என்றால் அவை அத்தனையும் அறை வெப்பத்தில், ஒரு துண்டை எந்திரத்தில் மாட்டிச் சில நிமிடத்தில் இழுத்து அறுத்த கணக்கு. அட்டவணையின் தலையிலேயே அந்த வெப்பம் எழுதியிருக்கும். அவர் அந்த வரியை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறார். தெரியாமல் விட்டிருந்தால் இதை எழுதும் தகுதி அவருக்கு இல்லை. தெரிந்தே விட்டிருந்தால் என்ன பெயர் என்று படிப்பவர்களே சொல்லட்டும்.

சூட்டில் உலோகம் சாகிற விதம் வேறு. அறுக்கிற அளவுக்கு இழுக்கவே வேண்டாம். தன் பாரத்திலேயே, மிகச் சின்ன இழுப்பிலேயே, மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். ஊர்வு என்று பெயர். அதனால்தான் உலைக் குழாய்களுக்கு எத்தனை மெகாபாஸ்கலில் அறும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இத்தனை டிகிரியில், இத்தனை பாரத்தில், எத்தனை மணி நேரம் நிற்கும் என்றுதான் கேட்பார்கள். 800 எச் 650 டிகிரி சூட்டில் சுமார் 90 மெகாபாஸ்கல் இழுப்பை ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும். ஒரு லட்சம் மணி என்றால் இரவு பகல் நிற்காமல் பதினோரு வருடத்துக்கு மேல். இதே சூட்டில் இதே காலத்துக்கு 304 தாங்குவது இதைவிடக் குறைவு. அறையில் தோற்ற 800 எச் உலையில் ஜெயிக்கிறது.

அது எப்படி? பிரசுரக்காரர் கேலி செய்த அதே காரணத்தால்தான். 800 எச் வகையை 1150 டிகிரிக்கு அருகில் சூடாக்கி, வேண்டுமென்றே உள்ளே இருக்கும் படிக மணிகளைப் பருக்க வைக்கிறார்கள். கரியும் 0.05-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மணி பருத்தால் குளிரில் வலிமை கொஞ்சம் இறங்கும், அதுதான் அந்த 450. ஆனால் சூட்டில் உலோகம் நழுவுவதும் கசிவதும் மணிகளுக்கு நடுவே இருக்கும் எல்லைகள் வழியாகத்தான். நம் பக்கத்து நெல் விவசாயிக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். வயலைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்தால் வரப்பு கூடும், வரப்பு கூடினால் நண்டு வளையும் கூடும், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. வரப்பைக் குறைத்தால் கசிவு குறையும். பெருமணி உலோகத்தின் கதை அதுதான். எங்கே பலவீனம் என்று அவர் விரல் நீட்டினாரோ, அங்கேதான் பலம் செய்து வைத்திருக்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அந்த நெல்லுக்குப் போடும் யூரியா அமோனியாவிலிருந்து வருகிறது. அமோனியா ஆலைகளின் ரிஃபார்மர் உலையில் குழாயின் வாயிலிருந்து கொதிக்கும் வாயுவை வெளியே கொண்டுவரும் வளைந்த சிறு குழாய்களுக்கு உலகம் முழுக்க 800 எச் வகையைத்தான் போடுகிறார்கள். வலிமை குறைந்ததை அதிக விலைக்கு வாங்கும் ஏமாளிகளா அத்தனை பொறியாளர்களும்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஹீட்டர் குழாய்க்கு ஊர்வு முதல் எதிரி அல்ல, அதற்குப் பெரிய பாரம் எதுவும் கிடையாது. அதைக் கொல்வது செதில். அதைப் பற்றித்தான் பிரசுரத்தில் மூச்சே இல்லை. 304-ஐத் தொடர்ந்து சூட்டில் வைத்தால் 925 டிகிரி வரை தாங்கும், சூடாகி ஆறி, சூடாகி ஆறி வந்தால் 870 தான் எல்லை. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை: விட்டு விட்டுச் சூடாவதே குழாய்க்குக் கெடுதல். சூட்டில் உலோகம் விரியும், மேலே இருக்கும் ஆக்சைடுப் படலம் அவ்வளவு விரியாது. ஆறும்போது உலோகம் சுருங்க, படலம் நொறுங்கி உதிரும். புது உலோகம் வெளியே தெரியும், மறுபடி படலம் கட்டும், மறுபடி உதிரும். ஒவ்வொரு தடவையும் குழாய் கொஞ்சம் மெலியும். ஒரு மீட்டர் 304 ஒரு டிகிரிக்குச் சுமார் 17 மைக்ரான் விரிகிறது, இன்கோலாய் 800 சுமார் 14 தான். அந்த மூன்று மைக்ரானும் 30 சதவீத நிக்கலும் சேர்ந்துதான் படலத்தைப் பிடித்து வைக்கின்றன. மேசையில் என் நகத்துக்கு உதிர்கிறதே, அந்தச் செதில் இப்படித்தான் வந்தது.

உலர்த்தியில் காற்றே 50 டிகிரிதானே, 870 எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விசிறி ஓடும்வரை வராது. விசிறி ஒழுங்காக ஓடி, அது நின்றால் ஹீட்டரும் நிற்கும்படி இன்டர்லாக் வேலை செய்தால் 304 போதும் என்று நானே வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் மலையில் நடப்பது என்ன? மூன்று ஃபேஸில் ஒன்று போகும். மோட்டார் சூடாகி ரிலே தூக்கிவிடும், விசிறி நிற்கும். மிச்சம் இருக்கும் ஃபேஸில் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். இன்டர்லாக்கை யாரோ ஒரு ஆள் போன வருடமே வயர் போட்டு நேராக்கியிருப்பார். ஐந்து நிமிடத்தில் குழாய் செக்கச் செவேல் என்று ஆகிவிடும். கதவைத் திறந்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். பருவத்தில் இது எத்தனை தடவை நடக்கிறது என்று எந்த ஸ்டோர் காவல்காரரைக் கேட்டாலும் சொல்வார். எழுத உட்காருவதற்கு முன் ஒரே ஒரு ஸ்டோருக்குப் போய்க் கேட்டிருக்கலாம்.

மூன்றாவது வாதம்: இது அணு உலைக்கான உலோகம், நம் ஹீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெரிய பெயரை ஒட்டி விற்கிறார்கள். சம்பந்தம் பிறப்பிலேயே இருக்கிறது. இந்த உலோகத்துக்கு ஆரம்பத்தில் கிடைத்த வேலைகளில் ஒன்றே வீட்டு மின்சார அடுப்பின் காயிலுக்கு மேலுறைக் குழாயாக இருப்பதுதான். அடுக்களையிலிருந்துதான் அது அணு உலைக்குப் போனது.

அணு உலையிலும் 300 டிகிரிக்குத்தானே பயன்படுத்துகிறார்கள், அப்புறம் என்ன சூடு தாங்கும் உலோகம் என்று அதே பத்தியில் இன்னொரு கேள்வி. அங்கே அதை வைத்திருப்பது சூட்டுக்காக அல்ல, வெடிப்புக்காக. உப்பில் இருக்கும் குளோரைடு, சூடு, உலோகத்துக்குள் இருக்கும் இழுப்பு மூன்றும் சேர்ந்தால் எவர்சில்வரில் மரக்கிளை போல வெடிப்பு ஓடும். எச். ஆர். காப்சன் என்ற ஆய்வாளர் 1950-களின் இறுதியில் நிக்கல் அளவை மாற்றி மாற்றிக் கொதிக்கும் மெக்னீசியம் குளோரைடில் போட்டுப் பார்த்தார். சீக்கிரமாக வெடித்தது 8 சதவீதத்துக்கு அக்கம்பக்கம். அதாவது 304 நிற்கும் இடம். 45-ஐ நெருங்கும்போது வெடிப்பு நின்றுபோனது. அப்படியானால் நிக்கலை 70-க்கு மேல் ஏற்றிவிடலாமே என்றால் அதுவும் கூடாது. 72 சதவீத நிக்கல் கொண்ட அலாய் 600 சுத்தமான கொதிநீரிலேயே வெடிக்கும் என்று பிரான்சின் கோரியூ 1959-லேயே எச்சரித்தார். பலர் கேட்கவில்லை, பின்னால் பல நாடுகளில் நீராவி ஜெனரேட்டர்களையே மாற்ற வேண்டி வந்தது. ஜெர்மனிக்காரர்கள் 800-ஐக் கொஞ்சம் திருத்தி எடுத்துக்கொண்டு தப்பித்தார்கள். நம் நாட்டிலும் கல்பாக்கத்தின் முதல் இரு உலைகளில் மோனல் என்ற உலோகக் குழாய்களோடு தொடங்கி, பின்னால் வந்த கனநீர் உலைகளுக்கு இன்கோலாய் 800-க்கு மாறினார்கள். குழாய் ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் தயாராகிறது, ஜெனரேட்டர் நம் திருச்சி பெல் ஆலையில் தயாராகிறது.

இது நம் தேனி மாவட்டத்துக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கீழ்ப்பக்கம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் வெந்நீர் போடும் லாட்ஜுகளும் மருத்துவமனைகளும் எத்தனை இருக்கின்றன! குழாய் மேல் உப்புப் படிந்து ஓடு கட்டும், ஓட்டுக்கு அடியில் குளோரைடு கெட்டியாகும், ஆறே மாதத்தில் ஹீட்டர் வெடித்துத் தண்ணீரில் கரண்ட் பாயும். ஆள் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் 304 எல்லாவற்றுக்கும் போதும் என்று அச்சடித்துக் கொடுப்பதை நான் சாதாரணத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக அவர் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்திருக்கிறார். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. மொத்தப் பிரசுரத்திலும் ஆபத்தான இடம் இதுதான். இன்கோலாயில் காந்தம் ஒட்டாது, 304-இலும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைப் போட்ட மட்டமான 202-இலும் ஒட்டாது. வளைத்த இடத்தில் நல்ல 304-இலேயே லேசாக ஒட்டும். இந்தச் சோதனையை நம்பிப் போகிறவர் 202-ஐ வாங்கிக்கொண்டு 304 கிடைத்தது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருவார். என் மேசையில் கிடக்கும் இந்தக் குழாயும் காந்தச் சோதனையில் தேறியதுதான்.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. இன்கோலாய் என்று பெயர் சொல்லி வேறு எதையோ விற்கிறார்கள். அது நடக்கிறது, என் மேசையே சாட்சி. ஆனால் கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காக நோட்டே வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? இந்த உலோகத்துக்குக் குறையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. கந்தகம் எரியும் இடத்தில் வைக்கவே கூடாது. நிக்கலும் கந்தகமும் சேர்ந்தால் 650 டிகிரிக்குள்ளேயே உருகி ஓடும் கலவை உண்டாகும், குழாய் அரித்துப்போகும். விறகு உலையின் புகைக்குழாய்க்கு இவ்வளவு விலை கொடுப்பதும் வீண், அங்கே தகடு போனால் தகடு மாற்றிக்கொள்ளலாம். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அந்தப் பிரசுரத்தை நானே நாலு பேருக்குக் கொடுத்திருப்பேன்.

ஆகஸ்டில் காய் இறங்கத் தொடங்கிவிடும். அதற்குள் ஹீட்டர் மாற்ற நினைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கடைக்காரரிடம் குழாயின் ஹீட் நம்பரையும் அந்த நம்பர் போட்ட ஆலைச் சான்றிதழையும் கேளுங்கள். அதில் நிக்கல் 30-க்குக் குறையாமலும் குரோமியம் 19-க்குக் குறையாமலும் இருக்கிறதா என்று நீங்களே விரல் வைத்துப் படியுங்கள். சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்துப் பார்க்கும் சோதனைக்கூடத்தில் கொடுங்கள், நிமிடத்தில் நிக்கல் அளவு தெரிந்துவிடும். கரி அளவை மட்டும் அது காட்டாது, ஹீட்டருக்கு அது தேவையும் இல்லை. சான்றிதழ் காட்டாத கடையில் பணத்தை எடுக்காதீர்கள். பிரசுரம் எழுதியவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. என் பட்டறைக்கு வரட்டும், இந்தக் குழாயைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பிறகு அந்த அட்டவணைக்கு மேலே அறை வெப்பத்தில் எடுத்த கணக்கு என்ற ஒரே ஒரு வரியைச் சேர்த்து, பிரசுரத்தை மறுபடி அச்சடிக்கட்டும்.